தண்ணீர்ச் சுவர்: கோடை விடுமுறைக்காக வீட்டிலேயே செய்தது

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கோடை விடுமுறை ஓய்வுக் காலமாக மட்டும் அமைவதில்லை. பள்ளி நாள்களில் மணி அடிப்பதும், வரிசையில் நிற்பதும், அதே இடத்தில் உட்காருவதுமாகத் தானாகவே கிடைத்துவந்த ஒழுங்கு ஒரேயடியாக நின்றுபோகும் காலமும் அதுதான். எட்டு வயதான என் மகனுக்காகத் தேடியபோது, வண்ணம் தீட்டுதல், காகித வேலைப்பாடு, குழு விளையாட்டு என்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை எந்தக் குழந்தைக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை என்பதால், இந்தக் குழந்தைக்கு எது பிடிக்கும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. எனவே அவற்றை ஒதுக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே அவன் எதைத் தேடிப் போய்ச் செய்கிறான் என்று கவனித்து, அதிலிருந்தே தொடங்கினேன். அவன் தண்ணீர் ஊற்றுவான். குவளையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து குவளைக்கும் ஊற்றிக்கொண்டே தலையைச் சாய்த்து, விழும் தாரையை ஓரக்கண்ணால் பார்ப்பான். இதைத்தான் குளியலறையிலிருந்து வெளியே எடுத்து, இன்னொருவரும் சேர்ந்துகொள்ளக்கூடிய, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு விளையாட்டாக ஆக்க முடியுமா என்று பார்த்தேன். அப்படிச் செய்ததுதான் இந்தத் தண்ணீர்ச் சுவர்: மேலே ஊற்றும் தண்ணீர் சாய்வாகக் கட்டிய ஓடைகள் வழியாகக் கீழே உள்ள தொட்டிக்கு இறங்கிவரும் ஒரு சட்டம்.

சட்டத்துக்கு மரச் சட்டங்களை ஆணி இல்லாமல் திருகாணியால் இணைத்து, நான்கு அடி அகலமும் மூன்றரை அடி உயரமும் கொண்ட செவ்வகமாகச் செய்தேன். அதன் மேல் இரண்டு அங்குலக் கட்டம் உள்ள கம்பி வலையை இழுத்துக் கட்டினேன். பலகையைவிட வலை சிறந்தது என்பதற்குக் காரணம், துளை போடாமலேயே எந்த இடத்திலும் ஒரு குழாயைக் கட்டலாம், பிடிக்காவிட்டால் அவிழ்த்து வேறு இடத்துக்கு மாற்றலாம் என்பதே. முதல் நாளிலேயே சரியாக அமைந்துவிடும் வேலை இதுவன்று; மாற்றிக்கொண்டே இருப்பதற்கு எது எளிதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்தின் இரு பக்கமும் கால்கள் வைத்து, கால்களின் மேல் மணல் மூட்டைகளைப் போட்டு, மேல் விளிம்பைச் சுவரில் உள்ள கொக்கியோடு கயிற்றால் பிணைத்தேன். இந்தப் பிணைப்பைத் தவிர்க்கவே கூடாது. உணர்வுத் தேடல் மிகுந்த, அதாவது தொடுகை, அழுத்தம், அசைவு போன்றவற்றைத் தானே தேடிப் போகும் குழந்தை எதிரில் இருப்பதன் மேல் உடல் எடையைச் சாய்த்து அழுத்தும். சில சமயம் ஏறவும் பார்க்கும்.

ஓடைகளுக்கு மூன்று அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். குழாய் உருளாமல் இருக்க இரு மரத்துண்டுகளுக்கு இடையே இறுக்கிவைத்து, கோடு போட்டு, ஹேக்சா ரம்பத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். தூள் பறக்கும் என்பதால் முகக்கவசம் அணிந்துகொண்டு, பிள்ளைகள் அருகில் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது. அறுத்த விளிம்புகளை முதலில் அரத்தாலும் பிறகு இரண்டு வகை உப்புத்தாள்களாலும் தேய்த்தேன். நமக்கு வழுவழுப்பாகத் தோன்றும் விளிம்பு அவன் விரலுக்கு அப்படித் தோன்றாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் அல்லாமல் மணிக்கட்டின் உட்புறத் தோலால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த துண்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டிச் செய்த புனல்களுக்கு வேறு வழி உண்டு: இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, அதன் மேல் சமையல் காகிதத்தை (பேக்கிங் பேப்பர்) விரித்து, வெட்டிய விளிம்பை ஒரு கணம் வைத்து எடுத்தால் அது உட்புறமாகச் சுருண்டு மழுங்கிவிடும். குழாய்களை வலையோடு பிணைக்கும் பிளாஸ்டிக் பட்டைகளான கேபிள் டைகளைக் கட்டிய பின் வெட்டிவிடும் முனைதான் இந்த வேலையிலேயே மிகக் கூரானது. முனையை ஒட்ட வெட்டி, முடிச்சை வலையின் பின்பக்கம் திருப்பி, அதற்கும் ஒரு முறை உப்புத்தாள் கொடுத்தேன்.

சரிவைப் பொறுத்தவரை, ஒரு அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் கொடுத்தபோது தண்ணீர் தேங்காமலும் தெறிக்காமலும் ஓடியது. இதைவிடச் செங்குத்தாக வைத்தால் அடுத்த ஓடைக்குத் திரும்பும் இடத்தில் தாண்டிக் குதிக்கிறது. எல்லா ஓடைகளையும் திறந்தே வைக்காமல், நடுவில் ஒரே ஒரு முழுக் குழாயைப் பொருத்தினேன். அதற்குள் போகும் தண்ணீர் கண்ணுக்கு மறைந்து, ஒரு நொடி கழித்து மறுமுனையில் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காக மகன் காத்திருந்தான். வேறு எந்த விளையாட்டிலும் எதற்காகவும் காத்திருக்காத பையன் அவன்.

சக்கரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பழைய குறுந்தகடுகளுக்கு இடையே பாட்டில் மூடிகளைச் சுற்றிலும் ஒட்டி, நடுவில் சைக்கிள் கம்பியை அச்சாகக் கொடுத்து, கம்பியின் இரு முனைகளிலும் ரப்பர் குப்பி மாட்டி, மூன்றாவது ஓடையின் கீழ் தொங்கவிட்டேன். சுழலும் பொருள்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் ஆட்டிசம் பற்றிய முதல் விவரிப்புகளிலேயே இடம்பெற்றிருக்கிறது. 1943இல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொம்மைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சுழற்றி மகிழ்ந்த சிறுவன் ஒருவன் வருகிறான். நெடுங்காலமாகப் பெற்றோருக்குச் சொல்லப்பட்டுவந்தது, இப்பழக்கத்தைத் தடுத்துக் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்பதே. நான் அதை ஏற்கவில்லை. சக்கரம் தானாகச் சுழன்றால் அவன் அதனுள் மூழ்கிப்போவான் என்பது உண்மைதான். ஆனால் மேலே யாராவது தண்ணீர் ஊற்றினால்தான் அது சுழலும் என்று அமைத்துவிட்டால், அவனுக்குப் பிடித்த அதே காட்சி இன்னொரு மனிதரைத் திரும்பிப் பார்ப்பதற்கும் காரணமாகிறது. அவனுடைய அக்கா மேலே குவளையோடு நின்று, ஊற்றாமல் அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவன் முதலில் சக்கரத்தை விரலால் தட்டினான், பிறகு அவள் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினான், அவள் ஊற்றினாள். அடுத்தடுத்த நாள்களில், முழங்கையைத் தள்ளுவதற்குப் பதிலாக பேசாமலே கேட்க உதவும் ‘இன்னும்’ என்ற அட்டையை நீட்டச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். சக்கரத்தின் பக்கத்திலேயே கைக்கு எட்டும் உயரத்தில் அந்த அட்டையைத் தொங்கவிட்டதால், அதைத் தேடி அலைய வேண்டிய நிலை வரவில்லை.

நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய சிக்கல் சத்தத்தால் வந்தது. கடைசி ஓடையிலிருந்து தண்ணீர் கீழே இருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் விழுந்தபோது எழுந்த கிணுகிணுப்பு எங்களுக்கு இனிமையாகவே இருந்தது; அவனோ இரு காதுகளையும் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 நோயறி கையேட்டில், ஒலி, தொடுகை, ஒளி போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பாத்திரம் காட்டியது: தண்ணீரைத் தேடி ஓடுபவனே தண்ணீரின் ஓசையிலிருந்து விலகி ஓடுகிறான். பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தொட்டியை வைத்தபோது சத்தத்தின் கூர்மை குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. தொட்டியின் அடியில் பஞ்சுத் துண்டு விரித்தேன். அது மிதந்து மேலே வந்துவிட்டது. கடைசியில் பலித்தது மிக எளிய வழி. ஓடையின் முனையிலிருந்து தொட்டியின் அடி வரைக்கும் ஒரு தடித்த பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டு, அதன் கீழ்முனையில் வழுவழுப்பான கல் ஒன்றைக் கட்டினேன். கயிறு ஒருமுறை நனைந்துவிட்டால், தண்ணீர் சொட்டாமல் அதைப் பற்றிக்கொண்டே வழிந்து இறங்குகிறது, ஓசையே இல்லை. இப்போது அந்தக் கயிற்றை இரு விரல்களால் பிடித்து, வழியும் தண்ணீரைத் திசைமாற்றி முழங்கை வரை ஓடவிடுவது அவனுடைய தனி விளையாட்டாகிவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை.

தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற ஒரு சிறிய பம்பு வாங்கி வைத்திருந்தேன். அதைப் பொருத்தவில்லை. மின்சாரமும் தண்ணீரும் அருகருகே வேண்டாம் என்பது ஒரு காரணம். பம்பின் ரீங்காரம் இன்னொன்று. ஆனால் முதன்மையான காரணம், கீழ்த் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு, தூக்கிச் சென்று, மேலே ஊற்றும் உழைப்பு அவனுக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பதே. தசைகளும் மூட்டுகளும் எடையை உணரும் இத்தகைய வேலையை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் ‘கனமான வேலை’ என்பார்கள். தள்ளுதல், இழுத்தல், சுமத்தல் ஆகியவை சில குழந்தைகளின் பரபரப்பைத் தணிக்கக் கண்டிருக்கிறார்கள். புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்துவதைப் பற்றிய ‘புலன் ஒருங்கிணைப்பு’ என்ற கருத்தை 1970களில் வளர்த்தெடுத்த அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் வழிவந்த சிந்தனை இது. அதன் எல்லாக் கூற்றுகளும் ஆய்வில் ஒரே அளவு உறுதிப்பட்டவை என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நான் கண்டது இவ்வளவுதான்: வாளி சுமந்த மாலைகளில் அவன் கையை உதறிக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் நடப்பது குறைகிறது. இரண்டு லிட்டர் பிடிக்கும், அகலமான கைப்பிடி உள்ள வாளி அவன் உடல்வாகுக்குப் பொருந்தியது. மேல் புனலை அவன் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்தேன். அதைவிட உயர்த்தினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். அவனுக்கு நனைந்த சட்டை பொறுக்காது. சட்டையே இல்லாமல் விளையாடினால் வெயில் தாக்கும். கடைசியில், உடலோடு ஒட்டிக்கிடக்கும் நீச்சலுடைச் சட்டையில் சமாதானம் ஆனான். கழுத்துப் பட்டையில் இருந்த துணிச் சீட்டைத் தையல் பிரித்து எடுத்த பிறகு.

இனி, செய்து முடித்த பொருளைவிடக் கூடுதல் உழைப்பை வாங்கிய பகுதிக்கு வருகிறேன்: விளையாட்டை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது. பிடித்த விளையாட்டை நிறுத்தச் சொல்லும்போது ஏற்படும் குமுறலுக்குப் பயந்தே பல வீடுகளில் அதைத் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எரிக் ஷாப்லர் முன்னின்று உருவாக்கி, 1972இல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக விரிந்த, ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்பிப்பதற்கான டீச் (TEACCH) முறையின் மையக் கருத்துகளுள் ஒன்று, இப்போது என்ன, எவ்வளவு நேரம், எப்போது முடியும், அடுத்து என்ன என்பதைக் குழந்தை கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி சூழலை அமைப்பதாகும். விளையாட்டின் படிகளை வரிசையாகக் காட்ட நான் செய்த பட அட்டைகள் அந்த வழியில் அமைந்தவைதான். கைப்பேசியில் எங்கள் தண்ணீர்ச் சுவரையே படமெடுத்து அச்சிட்டு, லேமினேட் செய்து, பின்புறம் வெல்க்ரோ ஒட்டினேன். பொதுவான கோட்டோவியங்களைவிட, தன் வீட்டு வாளியின் புகைப்படம் அவனுக்கு உடனே புரிகிறது. லேமினேட் தாளில் வெயில் பட்டுப் பளபளத்தால் படம் தெரியாது என்பதால், அட்டைகளை நிழல் விழும் பக்கத்தில் ஒட்டினேன்.

முடிவைக் கடிகாரத்தோடு கட்டுவது அவனிடம் எடுபடவில்லை. நேரம் காட்டும் கருவியின் மணியோசை ஒவ்வொரு முறையும் ஒரு திடுக்கிடலாக அமைந்தது. ஆகவே முடிவைத் தண்ணீரோடு கட்டினேன். விளையாட்டின் தொடக்கத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நீலப் பந்துகளை ஒரு கூடையில் வைப்போம். ஒவ்வொரு வாளி ஊற்றும்போதும் ஒரு பந்தை ஓடையில் உருட்டிவிட வேண்டும். அது கீழே வந்ததும் ‘முடிந்தது’ என்ற பெட்டிக்குள் போகும். கூடை காலியானால் கடைசியாக ஒரே ஒரு சிவப்புப் பந்து. அதன் பிறகு தொட்டியின் அடைப்பானை அவனே பிடுங்கி, தண்ணீரைச் செடிகளுக்கு விடுவான். அதாவது, விளையாட்டு நம் சொல்லால் நிற்பதில்லை; தண்ணீர் தீர்ந்ததால் நிற்கிறது. சொல்லோடு சண்டை போடலாம், காலித் தொட்டியோடு போட முடியாது. வெறுமையை அவன் சுழன்றோடும் கடைசிச் சுழியில் பார்த்து ஏற்றுக்கொள்கிறான் என்பது என் கணிப்பு. அடைப்பானைப் பிடுங்குவதே இப்போது அவன் ஆவலோடு காத்திருக்கும் பகுதியாகிவிட்டது. பந்துகள் தொண்டைக்குள் போகாத அளவு பெரியவையாக இருக்க வேண்டும். எங்களுடையவை டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறியவை. வாயில் பொருள்களைப் போடும் பழக்கமுள்ள குழந்தைகளுக்கு இன்னும் பெரியவை வேண்டும்.

அதே பழக்கத்தை மனத்தில் வைத்தே வேறு சிலவற்றை விலக்கினேன். தண்ணீரில் ஊறிப் பன்மடங்கு பெருகும் நிறமணிகளை உணர்வு விளையாட்டுக்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். விழுங்கப்பட்டால் அவை குடலுக்குள்ளும் பெருகி அடைப்பை உண்டாக்கும். எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரிவதுமில்லை. அவற்றை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. உப்பு மாவுப் பிசைவும் இப்படித்தான்: அதில் உப்பு மிகுதியாக இருப்பதால், அதிகமாகத் தின்றால் சிறு குழந்தைக்கு உப்பு நச்சாகும். பிசைவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் கார்ன்ஃபிளவர் என்று விற்கும் மக்காச்சோள மாவையும் தண்ணீரையும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கலந்துகொள்ளலாம். வேகமாகக் குத்தினால் கெட்டியாகவும், மெதுவாகப் பிடித்தால் வழிந்தோடுவதாகவும் இருக்கும் அக்கலவையை என் மகன் ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டான். அவனுடைய அக்கா பிற்பகல் முழுவதும் அதிலேயே கிடந்தாள்.

தண்ணீர்ச் சுவரிலிருந்து சில அடி தள்ளி ஒரு சிறிய கூடாரமும் அமைத்தேன். முக்கால் அங்குல பிவிசி குழாய்களையும் மூலை இணைப்புகளையும் பசை இல்லாமல் செருகினால் போதும். கீழ்க்குழாய்களில் மணலை நிரப்பினால் காற்றுக்கு அசையாது. ஒளி புகாத பருத்தித் துணி, காற்றோட்டத்துக்கு எதிரெதிராக இரண்டு திறப்புகள், தரையில் பாய். இதில் கடைப்பிடிக்கும் ஒரே விதி, அவன் உள்ளே இருக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாது, தண்டனையாக அங்கே அனுப்பவும் கூடாது என்பதுதான். மடியில் வைத்துக்கொள்ள எடைப் பை ஒன்று தைத்துக் கொடுத்தேன். எடையுள்ள போர்வைகள் குறித்து 2014இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், அவை ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தூக்கத்தை மேம்படுத்தவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் குழந்தைகளும் பெற்றோரும் அவற்றையே விரும்பினார்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும், மருந்தாக எண்ண வேண்டாம் என்பதாகவே அதை எடுத்துக்கொண்டேன். தானே எளிதில் தள்ளிவிடக்கூடிய எடையாக இருக்க வேண்டும். முகத்தையும் கழுத்தையும் ஒருபோதும் மூடக்கூடாது.

ஆபத்துகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் செய்முறையைக் கொடுப்பது முறையாகாது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 49 சதவீதத்தினர் 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேற முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்திருந்தனர். அப்படி வெளியேறும் குழந்தைகள் பலர் நீர்நிலையை நோக்கிப் போகிறார்கள். மூழ்குதல்தான் அவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து. தண்ணீரின் மேல் உள்ள விருப்பத்தை வீட்டில் வளர்ப்பவர்கள், அதே மூச்சில் நீச்சல் கற்பிப்பதையும் வாசல் தாழ்ப்பாளை உயரத்தில் பொருத்துவதையும் தொடங்கிவிட வேண்டும். தொட்டியில் சில அங்குலத் தண்ணீருக்கு மேல் வேண்டாம். விளையாட்டு முடிந்தவுடன் அது காலியாக வேண்டும். எங்கள் அடைப்பான் சடங்கால் இந்த வேலையும் தானாகவே நடந்துவிடுகிறது.

வெயிலும் கவனிக்க வேண்டியதே. தாகம், சூடு போன்று உடலுக்குள் எழும் உணர்வுகளை அடையாளம் காண்பது இக்குழந்தைகள் பலருக்குக் கடினம் என்பதால், ‘தாகமா?’ என்று கேட்டுப் பயனில்லை. ஐந்தாவது நீலப் பந்துக்குப் பிறகு ஒரு குவளை குடிநீர் என்று அட்டை வரிசையிலேயே சேர்த்துவிட்டேன். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைகளுக்கு உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் திறன் பாதிக்கப்படலாம். வலிப்புக்குக் கொடுக்கப்படும் டோபிராமேட் வியர்வையைக் குறைக்கலாம். ஆகவே வெயில் விளையாட்டுக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் தோலைப் பொசுக்கும் அளவு சூடாக இருக்கும். அதைக் கீழே விட்டுவிட்டுத்தான் தொட்டியை நிரப்ப வேண்டும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. முழுக் குழாயின் உட்புறம் மட்டும் வழுக்கலாகப் பாசி பிடிக்கும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நீளமான குச்சியில் கட்டித் தேய்த்தால் போய்விடும். கயிற்றை மாலையில் அவிழ்த்துக் காயப்போடாவிட்டால் நாற்றம் எடுக்கும், அந்த நாற்றத்தை அவன் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். வலையைக் கட்டிய இடங்களில் துரு தெரியத் தொடங்கியதும் வண்ணம் பூசினேன். பூச்சின் வாடை முழுவதும் போகும் வரை சுவரைத் துணியால் மூடி, அட்டை வரிசையில் அதன் படத்துக்கு மேல் ‘இன்று இல்லை’ என்ற குறியைப் போட்டேன். அடுத்ததாக, இரண்டாவது ஓடையின் தொடக்கத்தில் கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரைத் திறந்து மூடும் ஒரு வால்வைப் (பால் வால்வு) பொருத்திக்கொண்டிருக்கிறேன். தண்ணீரை ஒருவர் தேக்கிவைக்க, இன்னொருவர் திறந்துவிட வேண்டும் என்பது திட்டம். கைப்பிடி அவன் விரல்களுக்கு இறுக்கமாக இருப்பதால், அதன் மேல் அரையடிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நீட்டி, திருப்பும் பலம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.